திருவூடல் தெருவும் பாதி உடம்பும்

திருவண்ணாமலையில் ஒரு தெருவுக்கு ஊடல் என்று பெயர். புருஷன் பெண்டாட்டி சண்டைக்கென்று ஒரு தெருவை விட்டு, அதற்கு முன்னால் 'திரு'வும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆயாவின் வீடு அந்தத் திருவூடல் தெருவில்தான் இருந்தது. நான் பிறந்ததும் பள்ளிக்குப் போனதும் அங்கிருந்துதான். 'எந்தத் தெரு?' என்று யாராவது கேட்டால் 'ஊடல் தெரு' என்போம். அந்தச் சொல்லின் பொருள் அப்போது எங்களுக்குத் தெரியாது.

1970 கார்த்திகையில் எனக்கு எட்டு வயது. தீபத்தன்று ஆயா என்னைக் கோயிலுக்குள் கூட்டிப் போனாள். மத்தியானமே போய் இடம் பிடித்தோம். பஞ்சமூர்த்திகள் ஒவ்வொருவராக வந்து தீப தரிசன மண்டபத்தில் அமர்ந்தார்கள். ஆறு மணி நெருங்க நெருங்கக் கூட்டத்தில் பேச்சு குறைந்தது. ஆயா என் மோவாயைப் பிடித்துத் திருப்பினாள். "எல்லாரும் மலையப் பாக்கறாங்க. நீ வாசலப் பாரு பாப்பா. மலை பதினோரு நாளு எரியும். இது போனா அடுத்த வருசந்தான்."

வாசலில் இருந்து அர்த்தநாரீஸ்வரர் வந்தார். வந்தார் என்பதைவிட ஆடினார் என்று சொல்ல வேண்டும். தூக்கி வந்தவர்களின் தோள்கள் ஏறி இறங்க, சாமி முன்னும் பின்னும் அசைந்து ஆடிக்கொண்டே வந்தது. பூவும் பட்டும் மூடியிருந்ததில் எனக்கு உடம்பு எதுவும் சரியாகத் தெரியவில்லை. ஒரு பக்கம் அய்யா, ஒரு பக்கம் அம்மா என்று ஆயா காதில் சொன்னது மட்டும் விழுந்தது. கொடிமரத்தருகே அகண்ட தீபம் ஏறியது. அதே நேரத்தில் 2,668 அடி உயரத்தில், மலை உச்சியில், மகா தீபம் எரிந்தது. 'அரோகரா' என்ற சத்தத்தில் நான் மலையைப் பார்த்தேன். திரும்பியபோது அர்த்தநாரி உள்ளே போயாகிவிட்டது. மொத்தம் இரண்டு நிமிடம் இருந்தால் அதிகம்.

வருடம் முழுவதும் சந்நிதிக்குள் இருக்கும் அந்த மூர்த்தி வெளியே வருவது இந்த ஒரு பொழுதுக்குத்தான். ஆணும் பெண்ணும் ஒரே உடம்பாக இருக்கிற கோலத்துக்கு எங்கள் ஊர் கொடுத்திருக்கிற நேரம் அவ்வளவுதான். ஊடலுக்கோ ஒரு தெரு, ஓர் இரவு, மறுநாள் ஒரு முழு மலைச் சுற்று. இந்தக் கணக்கை என் வாழ்நாளில் பாதி எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

தல புராணம் சொல்லும் கதை இது. கயிலாயத்தில் பார்வதி விளையாட்டாகச் சிவனின் கண்களைப் பொத்துகிறாள். உலகம் இருண்டுபோகிறது. அந்தப் பிழை தீர அவள் காஞ்சிக்குப் போய் மணலில் லிங்கம் பிடித்துப் பூசை செய்கிறாள். பிறகு அண்ணாமலைக்கு வருகிறாள். ஊருக்குள்ளேயே இருக்கிற சின்னக் குன்றான பவழக்குன்றில், கௌதம முனிவரின் ஆசிரமத்தில் தங்கித் தவம் இருக்கிறாள். கார்த்திகை மாதம் கிருத்திகை நட்சத்திரத்தில் மலை உச்சியில் சோதி தெரிகிறது. அவளுக்கு இடப்பாகம் கிடைக்கிறது. தீபத்தன்று அர்த்தநாரி வெளியே வருவதன் காரணம் இதுதான்.

இந்தக் கதையில் தவம் செய்தவள் பெண். அவள் தேடிப் போய்ப் பெற்ற பாதி அது. தீபத்தை ஏற்றும் உரிமையும் அவள் வழியில்தான் வந்தது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். கொப்பரையில் நெய் ஊற்றி, காடாத் துணித் திரி போட்டு, மகா தீபம் ஏற்றுகிறவர்கள் பர்வதராஜ குலத்தார். மீனவ மரபினர். பார்வதியைத் தங்கள் குலத்தில் பிறந்த மகளாகச் சொல்கிறவர்கள். சில ஆண்டுகளில் 3,500 கிலோவுக்கும் மேல் நெய் மலை ஏறுகிறது. மகளுக்குச் சீர் கொண்டுபோகிற மாதிரி அவர்கள் அந்தச் சுமையோடு ஏறுவதைச் சின்ன வயதில் இருந்து பார்த்திருக்கிறேன்.

பாதி உடம்பு என்ற எண்ணம் தமிழ்நாட்டில் எவ்வளவு பழையது என்பதற்குக் கல்லிலேயே சாட்சி உண்டு. மாமல்லபுரத்தில் தர்மராஜ ரதத்தின் சுவரில் பல்லவச் சிற்பி அர்த்தநாரியைச் செதுக்கியது ஏழாம் நூற்றாண்டில். திருச்செங்கோட்டில் மலைமேல் மூலவரே அர்த்தநாரிதான். சீர்காழிக் குளக்கரையில் பால் குடித்த குழந்தை ஞானசம்பந்தரிடம், பால் கொடுத்தது யார் என்று அப்பா அதட்டியபோது, அந்தக் குழந்தை சொன்ன முதல் அடையாளம் காதில் கிடந்த தோடு. தோடு பெண்கள் அணிகிற நகை. அப்பன் என்று கைகாட்டிய குழந்தை முதலில் பார்த்தது அம்மாவின் காதைத்தான். அதே சம்பந்தர் எங்கள் ஊருக்கு வந்து பாடிய பதிகமும் உண்ணாமுலை அம்மனின் பெயரைச் சொல்லித்தான் தொடங்குகிறது. அண்ணாமலையார் பெயர் அதற்குப் பிறகுதான் வருகிறது.

தீபம் முடிந்தால் மார்கழி. எங்கள் தெருவில் விடியற்காலை நாலரைக்குப் பனியில் கோலம் போட்டு, ஏழெட்டுப் பெண் குழந்தைகள் சால்வையைப் போர்த்திக்கொண்டு திருவெம்பாவை பாடிக்கொண்டே போவோம். ஒருத்தியை ஒருத்தி எழுப்புகிற பாட்டு. இன்னுமா தூங்குகிறாய் என்று கேலி, அதற்கு உள்ளே இருந்து பதில், பிறகு எல்லோரும் சேர்ந்து குளத்துக்குப் போய் நீராடுவது. எங்களுக்கு அது எங்கள் பேச்சாகவே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி எழுந்து வராவிட்டால் அவள் ஜன்னலுக்குக் கீழே நின்று, அவளுக்காகவே எழுதிய மாதிரி அந்தப் பாட்டை உரக்கப் பாடுவோம்.

திருப்பாவையை ஆண்டாள் எழுதினாள், அதனால் இதையும் ஒரு பெண்தான் எழுதியிருப்பாள் என்று பதின்மூன்று வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். பள்ளியில் தமிழ் அய்யா ஒருநாள் சொன்னார்: "எழுதினது மாணிக்கவாசகர்மா. திருவாதவூர்க்காரர். பாண்டிய ராஜாவுக்கு மந்திரி. குதிரை வாங்கப் போனவர்." எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் தூக்கம், எங்கள் கேலி, எங்கள் குளியல் எல்லாம் ஓர் ஆம்பிளைக்கு எப்படித் தெரியும்? யாரோ கதவிடுக்கில் பார்த்துவிட்டார்கள் போல இருந்தது.

பின்னால் நானும் தமிழாசிரியை ஆனேன். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மாணிக்கவாசகர் திருவெம்பாவையை அண்ணாமலையில் பாடினார் என்பது மரபு. கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் அவருக்கென்று ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. பாடிய இடம் அதுதான் என்கிறார்கள். இருபது பாட்டு. அதே அண்ணாமலையில் அவர் பாடியதாகச் சொல்லும் இன்னொன்று திருவம்மானை. அம்மானை, பெண் பிள்ளைகள் காயைத் தூக்கிப் போட்டுப் பிடித்து ஆடும் விளையாட்டு. ஆக, ஒரு மந்திரி எங்கள் மலையடியில் வந்து உட்கார்ந்தபோது அவருக்குள் இருந்து வந்தது, ஒன்றுக்கு இரண்டு முறை, பெண் பிள்ளைகளின் குரல். அரசாங்கத்துக் கணக்கையும் குதிரை பேரத்தையும் பார்த்த அதே வாய்.

அவர் மட்டும் என்று சொல்வதற்கில்லை. நம்மாழ்வார் காதலியாக நின்று பாடும்போது அவருக்குப் பராங்குச நாயகி என்று பெயர். திருமங்கையாழ்வார், வேலும் வாளும் பிடித்த மனிதர், பரகால நாயகி ஆனார். தமிழ்நாட்டில் ஒரு ஆண் தன் உயிரின் அடியைத் தொட வேண்டும் என்றால் பெண்ணாக வேண்டியிருந்தது. இது ஓர் இலக்கிய உத்தி என்று பாடம் நடத்தியிருக்கிறேன். உத்தி என்ற சொல் போதாது என்று பாடம் நடத்தும்போதே தோன்றும்.

அதற்கு வேறு ஒரு சொல் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது 1984இல், பி.எட். படித்தபோது. உளவியல் தாளில் கார்ல் குஸ்தாவ் யுங் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவரைப் பற்றி ஒரே ஒரு பத்தி. ஒவ்வொரு ஆணின் ஆழ்மனதிலும் ஒரு பெண் உருவம் இருக்கிறது, அதற்கு அவர் ஆனிமா என்று பெயர் வைத்தார். பெண்ணின் ஆழ்மனதில் இருக்கும் ஆண் உருவம் ஆனிமஸ் என்று இருந்தது. பரீட்சைக்கு அந்தப் பத்தி வரவே இல்லை. எனக்கு அந்தத் தாளில் மிஞ்சியது அது மட்டும்தான்.

ஆனிமா என்றால் லத்தீனில் உயிர். 1921இல் வெளிவந்த 'உளவியல் வகைகள்' நூலில் யுங் இந்தக் கருத்தை விளக்கினார். அது அவருக்கு ஏட்டில் கிடைத்ததல்ல. பிராய்டைப் பிரிந்து வந்து, மனம் கலங்கிக் கிடந்த 1913ஐ ஒட்டிய நாட்களில், தன் கனவுகளையும் கற்பனைகளையும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். நான் செய்கிற இந்த வேலை என்ன என்று தன்னையே கேட்டபோது, உள்ளே இருந்து ஒரு பெண்குரல், இது கலை என்றது. இல்லை என்று அவர் மறுத்தார். அது மறுபடியும் சொன்னது. அவர் அதோடு வாதாடினார். தன் நினைவுக் குறிப்புகளில் அவர் இதைச் சொல்லும் இடத்தைப் படித்தபோது எனக்கு எங்கள் தெருதான் நினைவுக்கு வந்தது. தனக்குள் இருந்த பெண்ணை அவர் முதலில் சந்தித்ததே ஊடலில்தான்.

யுங் சொன்னதன் சாரம் இவ்வளவு. ஒரு ஆண் குழந்தை வளரும்போது, 'நீ ஆம்பிளை, அழக்கூடாது' என்று சொல்லிச் சொல்லி அவனிடம் இருந்து எதையெல்லாம் பிடுங்குகிறோமோ, அதெல்லாம் அழிந்துபோவதில்லை. உள்ளே போய் ஒரு பெண் உருவம் எடுத்து உட்கார்ந்துகொள்கிறது. அந்த உருவத்துக்கு முதல் முகம் அம்மாவின் முகம். பிறகு அவன் அதைத் தெருவில் வருகிற பெண்ணின் மேல் ஏற்றிப் பார்க்கிறான். ஏற்றிப் பார்த்ததை அவளே என்று நம்புகிறான். நாள் பட அவள் வேறு ஆள் என்று தெரியவரும்போது அவள் ஏமாற்றிவிட்டதாகக் கோபப்படுகிறான். எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறோம்.

இதைத் தமிழில் நாவலாகவே எழுதினார் ல.ச.ராமாமிருதம். 'அபிதா' என்று பெயர். எங்கள் ஊர் அம்மனின் வடமொழிப் பெயர் அபிதகுசாம்பாள், அதாவது உண்ணாமுலை. அந்தப் பெயரின் சுருக்கம்தான் அபிதா. சின்ன வயதில் விட்டுப் போன பெண்ணைத் தேடி ஒருவன் பல வருடம் கழித்து ஊருக்கு வருகிறான். அவள் இறந்துபோயிருக்கிறாள். அவள் மகள் அவளைப் போலவே இருக்கிறாள். அவன் மகளிடத்தில் தாயைப் பார்க்கிறான். குழந்தை வாய் வைக்காத முலை என்ற பொருள் உள்ள ஒரு பெயரை அந்தக் கதைக்கு அவர் எடுத்ததைப் பற்றி நான் அடிக்கடி யோசிப்பேன். அவன் தேடுகிற பெண் யாருக்கும் தாய் ஆகாதவள், யாருக்கும் மனைவி ஆகாதவள். அவள் அவனுக்குள்ளேயே இருப்பவள்.

யுங் தமிழ்நாட்டுக்கு வந்தார் என்பது எங்கள் ஊரிலேயே பலருக்குத் தெரியாது. 1937 டிசம்பரில் கப்பலில் இந்தியா புறப்பட்டார். 1938 ஜனவரியில் கல்கத்தாவில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டின் வெள்ளி விழாவுக்கு அழைப்பு. வழியில் படிக்க அவர் கொண்டுவந்தது 1602இல் அச்சான ஒரு லத்தீன் ரசவாத நூல். ஐரோப்பிய ரசவாதிகள் ராஜாவையும் ராணியையும் ஒரே உடம்பாக்கிப் படம் போட்டவர்கள். 1550இல் பிராங்க்பர்ட்டில் வந்த அப்படி ஒரு படத்தொகுப்பை வைத்து 1946இல் அவர் ஒரு நூலே எழுதினார். அந்தப் பாதி உடம்பைப் பழைய லத்தீன் ஏடுகளில் தேடிக்கொண்டே அவர் நம் ஊர்ப்பக்கம் வந்தார். கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பில் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிறகு சென்னை, திருவாங்கூர், இலங்கை. சென்னையில் இருந்து திருவண்ணாமலை சுமார் 190 கிலோமீட்டர். அவர் வரவில்லை.

அவர் நாடு திரும்பியதும் எங்கள் ஊரில் இருந்த ரமண மகரிஷியைப் பற்றி முதலில் கேட்டவர் அவருடைய நண்பர் ஹைன்ரிஷ் ஸிம்மர். இந்தியக் கலையையும் புராணங்களையும் பற்றி அவ்வளவு எழுதிய ஸிம்மர் கடைசிவரை இந்தியாவைப் பார்த்ததே இல்லை. 1943இல் இறந்தார். ரமணரைப் பற்றி அவர் எழுதிய நூலை மறு ஆண்டு வெளியிட்டு முன்னுரை எழுதினார் யுங். ரமணரைப் போய்ப் பார்க்காததைப் பற்றி அந்த முன்னுரையில் அவரே பேசுகிறார். அதற்குப் பதில் திருவாங்கூரில் ரமணரின் அடியவர் ஒருவரைச் சந்தித்ததாகச் சொல்கிறார். ஆரம்பப் பள்ளி ஆசிரியர், பெரிய குடும்பஸ்தர், எளிய மனிதர். அந்த இடத்தைப் படித்தபோது, வாத்தியார் என்ற ஒரே காரணத்தால், எனக்கு மனசு நிறைந்தது.

யுங் வந்திருந்தால் என்ன பார்த்திருப்பார் என்று எனக்கு ஒரு கணக்கு உண்டு. ரமணர் 1896 செப்டம்பர் 1ஆம் தேதி, பதினாறு வயதில், வீட்டை விட்டு எங்கள் ஊருக்கு வந்தவர். 1898 கடைசியில் அவர் பவழக்குன்றில் இருந்தபோது அம்மா அழகம்மாள் தேடி வந்து, வீட்டுக்கு வா என்று நாள் கணக்கில் அழுதார். பிள்ளை பேசவில்லை. பதிலைத் தாளில் எழுதிக் கொடுத்தார். பார்வதி தவம் இருந்து பாதி உடம்பு வாங்கியதாகச் சொல்லும் அதே குன்றில், ஒரு மகன் அம்மாவிடம் வாய் திறக்காமல் இருந்தான்.

அதோடு கதை முடியவில்லை. 1914 வாக்கில், விரூபாட்ச குகையில் இருந்தபோது, பிச்சைக்குப் போகிற அடியார்கள் பாடிக்கொண்டு போக ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டார்கள். அகர வரிசையில் 108 கண்ணிகள் எழுதினார் ரமணர். அக்ஷரமணமாலை. எழுத்துகளால் கட்டிய கல்யாண மாலை என்று ஒரு பொருள். மலை மணவாளன், பாடுகிறவர் மணப்பெண். பெண்ணாக நின்று கெஞ்சுகிறது, கோபிக்கிறது, ஏன் என்னை இழுத்தாய் என்று சண்டை போடுகிறது. அம்மாவிடம் வாய் திறக்காத வாலிபனுக்குள் இருந்த பெண், மலையிடம் வாய் நிறையப் பேசினாள். அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு துறவிகள் எங்கள் தெருக்களில் வந்தபோது அரிசி போட்டவர்களில் தானும் உண்டு என்பாள் ஆயா.

1916இல் அழகம்மாள் மகனோடு தங்கவே வந்துவிட்டார். 1922 மே 19ஆம் தேதி அவர் உயிர் பிரியும்வரை, ஒரு கையை அம்மாவின் நெஞ்சிலும் மற்றொரு கையைத் தலையிலும் வைத்தபடி ரமணர் உட்கார்ந்திருந்தார். அந்தச் சமாதியைச் சுற்றித்தான் இன்றைய ரமணாசிரமம் வளர்ந்தது. அதன்மேல் எழுந்த கோயிலுக்கு 1949இல் குடமுழுக்கு நடந்தது. அங்கே உள்ள சாமியின் பெயர் மாத்ருபூதேஸ்வரர். தாயாக ஆன ஈசன். துறவிகள் நிறைந்த இடத்தின் நடுவில் ஓர் அம்மாவின் சமாதி.

இனி என் மனத்தாங்கலையும் சொல்ல வேண்டும். ஆண்களுக்கு உள்ளே இருக்கிற பெண் பாடினாள், ஆடினாள், மாலை கட்டினாள். எங்கள் மாவட்டத்தின் தெருக்கூத்தில் திரௌபதி வேஷம் கட்டுகிறவரும் வழிவழியாக ஆண்தான். புரிசை கண்ணப்ப தம்பிரான் போன்ற பெரிய ஆசான்கள் கட்டிக் காத்த கலை அது. கூந்தலை விரித்துப் போட்டு அந்த ஆண் கதறும்போது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பெண்கள் அழுவார்கள். நானும் அழுதிருக்கிறேன். ஆனால் பெண்ணுக்குள் இருக்கிற ஆணுக்கு இந்த ஊர் என்ன இடம் கொடுத்தது? அவன் பேசினால் அதற்குப் பெயர் வாய்நீளம். எங்கள் ஆயாவை அப்படித்தான் சொன்னார்கள்.

யுங்கும் இந்த இடத்தில் தடுமாறினார். ஆணின் ஆனிமாவைப் பற்றி அவ்வளவு நுட்பமாக எழுதியவர், பெண்ணின் ஆனிமஸ் என்று வந்தால் பிடிவாதம், வறட்டு அபிப்பிராயம் என்றே அதிகம் பேசினார். அதைச் சரிசெய்ய முயன்றவர் அவர் மனைவி எம்மா. 1931இல் சூரிச்சில் உள்ள உளவியல் மன்றத்தில் ஆனிமஸ் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். பெண்ணுக்குள் இருக்கும் ஆண் முதலில் வலிமையாக, பிறகு செயலாக, பிறகு சொல்லாக, கடைசியில் அர்த்தமாக வளர்கிறான் என்று நான்கு படி சொன்னார். கணவரின் கோட்பாட்டுக்குள் நின்றுகொண்டே ஒரு மனைவி தன் பாதியைக் கேட்டு வாங்கிய பேச்சு அது என்று எனக்குத் தோன்றும்.

எம்மா சூரிச்சில் சொன்ன அந்தச் செயலையும் சொல்லையும் நான் ஆயாவிடம் பார்த்தேன். தாத்தா போனபோது அவளுக்கு நாற்பது வயது. அரிசி மண்டிக் கணக்கைத் தானே எடுத்துப் பார்த்தாள். சாயங்காலம் திண்ணையில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, பென்சிலைக் காதில் செருகியிருப்பாள். கழற்றிய தோட்டின் துளைக்கு மேலே அந்தப் பென்சில். பாக்கி வைத்தவன் தெருவில் போனால் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். சம்பந்தர் ஒரு காதில் தோட்டைப் பார்த்த மாதிரி, நான் ஒரு காதில் பென்சிலைப் பார்த்து வளர்ந்தவள். பெண்ணின் பாதியில் ஓர் ஆண் இருப்பதைப் பார்க்க நான் மாமல்லபுரம் போக வேண்டியிருக்கவில்லை.

தமிழ்நாடு அந்தப் பக்கத்தையும் அறியாமல் இல்லை. கே.பி.சுந்தராம்பாள் ஆண் வேஷங்கள் கட்டி மேடையைக் கலக்கியவர். 1935இல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். அந்தப் படத்துக்கு அவர் வாங்கிய ஒரு லட்ச ரூபாய் அந்தக் காலத்தில் ஊரெல்லாம் பேச்சு. ஓர் ஆண் அடியாரின் ஏக்கத்தைப் பெண் குரல் பாடியது. மாணிக்கவாசகர் எங்களிடம் இருந்து எடுத்துக்கொண்டதற்கு இது ஒரு பதில் மாலை என்று நினைத்துக்கொள்வேன். பதின்மூன்று வயதில் வந்த அழுகை அப்படித்தான் ஆறியது.

மார்கழித் திருவாதிரையில் தீப மையை முதலில் நடராசருக்குச் சாத்திப் பிறகு எங்களுக்கெல்லாம் தருவார்கள். கார்த்திகை நெருப்பின் கரி அது. அன்றோடு திருவெம்பாவை ஓதும் பத்து நாளும் முடியும். அடுத்து தை. தை இரண்டாம் நாள், மாட்டுப் பொங்கலன்று, திருவூடல்.

காலையில் நந்திக்குக் காய்கறி, பழம், பலகாரம் எல்லாம் மாலையாகக் கட்டிப் போட்டிருப்பார்கள். சாமியும் அம்மனும் மாட வீதி வலம் வருவார்கள். சாயங்காலம் எங்கள் தெருவில் சண்டை. காரணம் பிருங்கி முனிவர். சிவனை மட்டும் கும்பிடுவேன், அம்மையைக் கும்பிட மாட்டேன் என்று வண்டாகித் துளைத்துக்கொண்டு நடுவில் புகுந்து சுற்றியவர். அம்மை தன் பங்கான சதையை எடுத்துக்கொண்டதும் எலும்புக்கூடாகி, மூன்றாவது கால் வாங்கி நின்றவர். அவருக்கு அருள்புரிய சாமி கிளம்ப, அம்மனுக்குக் கோபம். சாமி முன்னே வருவார், அம்மன் பின்வாங்குவாள். சுந்தரமூர்த்தி நாயனார் நடுவில் தூது போவார். சமாதானம் ஆகாது.

நான் சின்னப் பிள்ளையில் இதைப் பார்த்துவிட்டு, "அம்மன் கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிடுவாங்களா ஆயா?" என்று கேட்டேன். எங்கள் தெருவில் கோபித்துக்கொண்ட பெண்கள் அப்படித்தானே போவார்கள். ஆயா சொன்னாள்: "அவ எதுக்குப் போறா? கோயிலு அவ வூடு. அவ உள்ள போயி கதவச் சாத்திக்குவா. வெளிய படுக்கறது அவரு." அப்படித்தான் நடந்தது. அம்மன் கோயிலுக்குத் திரும்பினாள். கதவு சாத்தப்பட்டது. அண்ணாமலையார் அன்று ராத்திரி குமரக்கோயிலில் தங்கினார். மறுநாள் தனியாக மலையைச் சுற்றி, பிருங்கிக்குக் காட்சி கொடுத்துவிட்டுக் கோயிலுக்கு வந்தபோதுதான் ஊடல் தீர்ந்தது.

பிருங்கியை நான் யுங்கின் கண்ணால்தான் இப்போது பார்க்கிறேன். தன்னில் பாதியைக் கும்பிட மறுத்தவனிடம் சதை தங்குவதில்லை. எலும்பும் ஒரு கம்பும் மிஞ்சும். 'ஆம்பிளை அழக்கூடாது' என்று வளர்க்கப்பட்டு, அறுபது வயதில் வீட்டில் யாரோடும் பேச முடியாமல் திண்ணையில் ஒட்டிக்கொண்டிருக்கும் எத்தனையோ அப்பாக்களை எனக்குத் தெரியும். என்னிடம் படித்த பையன்கள் சிலரும் இன்று அப்படி ஆகிவிட்டார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் வகுப்பில் ஒருநாளாவது திருவெம்பாவையை அவர்களையும் வாய்விட்டுப் பாடச் சொல்லியிருக்க வேண்டும் என்று வருந்துகிறேன். பெண்களை மட்டும் பாடச் சொன்னேன். அது நான் செய்த தவறு.

ஆனால் ஓர் இடத்தில் எங்கள் ஊர் யுங்கைவிட ஒரு படி தள்ளி நிற்கிறது என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். யுங்குக்கு உள்ளே இருக்கும் ஆணும் பெண்ணும் சேர்வது பெரிய உழைப்பின் முடிவு. வாழ்க்கையின் பிற்பாதியில், நிழல்களையெல்லாம் தாண்டி அடைய வேண்டிய இடம். எங்கள் ஊரின் பஞ்சாங்கமோ அதை முதலில் வைத்திருக்கிறது. கார்த்திகையில் இரண்டு நிமிடம் ஒரே உடம்பு. மார்கழியில் அந்தப் பெண்ணின் குரல். தையில் சண்டை. ஒன்றானவர்கள் மறுபடி இரண்டாகிறார்கள். சேர்ந்துவிட்டோம் என்று யாரும் ஓய்ந்து உட்காருவதில்லை. அடுத்த கார்த்திகையில் அதே வாசல், அதே இரண்டு நிமிடம்.

கல்யாணமாகி ஏழாம் வருடம் நானும் என் கணவரும் மூன்று மாதம் பேசாமல் இருந்தோம். எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். அந்தத் தையில் ஆயா வீட்டுத் திண்ணையில் நின்று, சாத்திய கதவை நோக்கி அம்மன் போவதைப் பார்த்தபோது, இது வருடாவருடம் வருவது என்ற ஒன்று மட்டும் புரிந்தது. அவரிடம் நான் தேடிக்கொண்டிருந்த ஆண் என் ஆயாவின் காதுப் பென்சில் என்பதும், அதை அவரிடம் கேட்டுப் பிரயோசனம் இல்லை, நானே எடுத்துச் செருகிக்கொள்ள வேண்டியது என்பதும் மெல்லப் புரிந்தது. நாங்கள் பிறகு முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தோம். நடுவே பல ஊடல்.

அண்ணாமலையார் தானே தன் மலையைச் சுற்றி வருவது ஆண்டில் இரண்டு முறை. 14 கிலோமீட்டர். தீபத்துக்குப் பின் ஒரு முறை, அம்மனோடு. ஊடலுக்குப் பின் ஒரு முறை, தனியாக. ஆயா இருந்தவரை இரண்டுக்கும் தேங்காய் உடைத்தாள். இப்போது நான் உடைக்கிறேன். தனியாகப் போகிற சாமிக்குக் கொஞ்சம் பெரிய காயாகப் பார்த்து வாங்குகிறேன்.